ஒன்பதாவது நாய்

புவெனஸ் ஐரிஸ் நகரில், பலேர்மோ பக்கம், காலை ஒன்பது மணிக்கு நடைபாதையில் நிற்கிறவர்கள் கொஞ்சம் ஒதுங்கி நிற்பது நல்லது. முதலில் மூச்சிரைக்கும் சத்தம் வரும். அடுத்து ஏகப்பட்ட நகங்கள் கல்லில் உரசும் சத்தம். பிறகு ஒரு லாப்ரடார், ஒரு பூடில், மூக்கு சப்பிப்போன ஒரு பிரெஞ்சு புல்டாக், வயிறு தரையைத் தொட்டும் தொடாமலும் ஒரு டாக்ஸ்ஹவுண்ட் என்று வந்துகொண்டே இருக்கும். எல்லாம் போயாயிற்று என்று நாம் காலை எடுத்து வைக்கப் போகும்போது, கடைசியாகப் பின்பக்கம் சாய்ந்தபடி ஒரு மனிதர் வருவார். அவர்தான் பாசேயாபெர்ரோ. நம் பேச்சில் நாய் மேய்ப்பவர்.

அவர் இடுப்பில் அகலமான பெல்ட். பெல்ட்டில் கொக்கிகள், கொக்கிக்கு இரண்டு மூன்று கயிறு. தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்கிறவர்கள் நூறு பேர், தேர் ஒன்று. இங்கே வடம் பிடிப்பவை பதினெட்டு நாய்கள், தேர் இவர். நிலைக்கு வந்து சேர்வதுதான் தினமும் நிச்சயமில்லை. பேண்ட் முட்டியில் கிழிந்திருக்கும். ஃபேஷனுக்குக் கிழித்ததா, புல்டாக் திடீரென்று நின்றதால் கிழிந்ததா என்று பார்த்துச் சொல்ல முடியாது.

படிப்பு ஏறாத பிள்ளையை "மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று திட்டும் அப்பாக்கள் இவரைச் சந்திக்கக் கூடாது. ஏனென்றால் இவர் கட்டடக்கலை படித்திருப்பார், பாதியில். அல்லது இரவில் ஒரு குழுவில் டிரம்ஸ் வாசிப்பார். 2001-ல் அர்ஜென்டினாவின் பொருளாதாரம் கவிழ்ந்து, வங்கியில் போட்ட பணத்தையே எடுக்க முடியாமல் போனபோது, வேலை இழந்தவர்களின் கண்ணில் பட்ட தொழில்களில் இதுவும் ஒன்று. முதலீடு ஒரு பெல்ட். கல்வித் தகுதி, கடி தாங்கும் மனது.

தேவைக்கும் குறைவில்லை. அந்த ஊர் நாய்களில் பெரும்பகுதி மாடியில் குடியிருக்கின்றன. ஏழாவது மாடி நாய்க்குக் காலைக்கடன் வந்தால் லிஃப்ட் பொத்தானை அமுக்கத் தெரியாது. அமுக்கத் தெரிந்த சொந்தக்காரர் ஆபீஸ் போய்விட்டார். ஆகவே பாசேயாபெர்ரோ வருகிறார். கட்டடக் காவல்காரரிடம் இரண்டு வார்த்தை கால்பந்து பேசுகிறார், மேலே போகிறார், பூட்டைத் திறக்கிறார். ஆம், சாவி இவரிடம் இருக்கிறது. பதினெட்டு வீட்டுச் சாவி இருந்தும் ஒரு வீட்டிலும் உட்காரச் சொல்ல ஆளில்லாத மனிதர் இவர் ஒருவர்தான்.

ஆனால் இவருக்குத் தெரியாத குடும்ப ரகசியம் கிடையாது. திங்கள் முதல் புதன் வரை ஒரு முகவரியிலும், வியாழன் வெள்ளி இன்னொரு முகவரியிலும் அதே நாயை எடுக்கச் சொன்னால், அந்தத் தம்பதி பிரிந்துவிட்டார்கள் என்று வக்கீலுக்கு முன்பே இவருக்குத் தெரியும். பலேர்மோவில் மனநல ஆலோசகர்கள் நெருக்கமாகக் கடை விரித்திருக்கும் ஒரு பகுதிக்கு 'வில்லா ஃப்ராய்ட்' என்றே பட்டப்பெயர். அங்கே மனிதர்கள் கட்டணம் செலுத்திச் சொல்வதை, நாய்கள் இவரிடம் சும்மாவே சொல்லிவிடுகின்றன. அழுத வீட்டு நாய் காலையில் வாலைத் தூக்காது.

மனிதர்களின் பெயர்தான் இவர் மண்டையில் நிற்காது. "லோலாவோட அம்மா", "பாஞ்சோவோட அப்பா" என்றுதான் செல்பேசியில் பதிவு. லோலாவின் அம்மாவுக்கு எழுபது வயது. தினமும் வாசலில் விசாரணை நடத்துவார்.

"தம்பி, நேத்து என் பொண்ணு யார் பக்கத்துல நடந்தா?"

"ரோக்கோ பக்கத்துல, சென்யோரா."

"அவன் நல்ல குடும்பமா?"

"மூணாவது மாடி, பல்கனி வீடு."

"அப்ப சரி. மொத்தம் எத்தனை பேரு வர்றாங்க?"

"எட்டுதான், சென்யோரா."

இந்த எட்டுதான் கதையின் வில்லன். நகரச் சட்டப்படி மூன்று நாய்க்கு மேல் நடத்துகிறவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒருவர் ஒரே நேரத்தில் எட்டு நாய்க்கு மேல் கொண்டுபோகக் கூடாது. எல்லா ஊரும் இந்தக் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது. லண்டனின் அரச பூங்காக்களில் கூலிக்கு நாய் நடத்துகிறவருக்கு நான்கோடு சரி. சான் பிரான்சிஸ்கோவில் 2013 முதல் நான்கிலிருந்து எட்டு வரை நடத்த உரிமம் வாங்க வேண்டும். பலேர்மோவில் சட்டத்துக்கு யாரும் விரோதி இல்லை. எண்ணுவதில்தான் கருத்து வேறுபாடு.

கேட்டால் இவர் விளக்கம் வைத்திருப்பார். "இந்த எட்டு என்னுது. அந்த ஆறு என் நண்பனுது, காபி குடிக்கப் போயிருக்கான்." மீதி நான்கு? "அதுல மூணு குட்டி. ஒண்ணு டாக்ஸ்ஹவுண்ட், அதை முழுசா எண்ணுவீங்களா?" காபி குடிக்கப் போன நண்பன் வருஷக்கணக்காகக் குடித்துக்கொண்டிருக்கிறான்.

இவர் திறமையைக் குறைத்துப் பேசவும் முடியாது. யாரை யார் பக்கத்தில் கட்டுவது என்பது அமைச்சரவை அமைக்கிற வேலை. இரண்டு இளவட்ட ஆண் நாய்களை அடுத்தடுத்து விடக் கூடாது. புதிதாக வந்ததை முதல் வாரம் இடுப்போரம் வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் வயதான பெண் நாய் ஒன்று கட்டாயம் தேவை. அது ஒருமுறை உறுமினால் இரண்டு பக்கமும் கப்சிப். ஒரு விசிலுக்குப் பதினெட்டும் சிக்னலில் நிற்கும். சொந்தக்காரர் தொண்டை கிழியக் கத்தியும் உட்காராத நாய், இவர் புருவம் உயர்ந்தால் உட்காரும்.

இதெல்லாம் விளக்குக் கம்பம் வரும்வரை. ஒன்பது நாய் கம்பத்துக்கு இடப்பக்கமும் ஒன்பது வலப்பக்கமும் போக முடிவெடுத்தால், நடுவில் வரும் மனிதருக்கு எந்த இயற்பியலும் உதவாது. எதிரே சாப்பாட்டு டெலிவரி மோட்டார்சைக்கிள் வந்தாலோ ஒரு பூனை தென்பட்டாலோ அமைச்சரவை கவிழும். எட்டுக் கயிற்றுச் சிக்கலை ஒரு மனிதன் பிரித்துவிடலாம். பதினெட்டுக் கயிற்றுச் சிக்கலைப் பிரிப்பதற்குள் அதே சிக்கலுக்குள் ஒரு சண்டை ஆரம்பித்து, ஒரு காது கிழிந்து, முடிந்தும் விடும்.

பூங்காவுக்கு வருவோம். பலேர்மோவின் பெரிய பூங்கா 1875-ல் திறக்கப்பட்டது. ஏரி, ரோஜாத் தோட்டம், நவம்பரில் ஊதாவாகப் பூக்கும் ஜகரண்டா எல்லாம் உண்டு. கொஞ்சம் தள்ளி இருக்கும் லாஸ் ஹேராஸ் பூங்காவின் பூர்வாசிரமம் இன்னும் பொருத்தம். அங்கே இருந்தது தேசியச் சிறைச்சாலை. 1962-ல் இடித்தார்கள். கைதிகள் போன இடத்தில் இப்போது கம்பிவேலி போட்ட நாய்க் கொட்டடி. உள்ளே இருப்பவை வெளியே பார்த்துக் குரைக்கின்றன. கொட்டடியில் இடமில்லாதவை மரத்துக்கு மரம் கட்டிப்போடப்படும். மேய்ப்பவர்கள் புல்லில் வட்டமாக அமர்ந்து, வெந்நீர்க் குடுவையைத் திறந்து, ஒரே உறிஞ்சு குழாயில் மாத்தே பானத்தைச் சுற்றுக்கு விடுவார்கள். நாய்களுக்கு உலாவல் என்று பணம் வாங்கி மனிதர்கள் உட்கார்ந்திருப்பதும், உலாவ வேண்டியவை கட்டிக் கிடப்பதும் அந்நேரத்து விசேஷம்.

கழிவை அள்ளப் பை கொண்டுவர வேண்டும் என்பது விதி. பை இருக்கும். எட்டு நாய்க்கு எட்டுப் பை என்பது கணக்கு. பதினெட்டு நாய்க்கும் அதே எட்டுப் பை என்பது நடைமுறை. அவர் மீதும் தப்பில்லை. மனிதனுக்குக் கண் முகத்தில் மட்டும்தான் இருக்கிறது. முன்னால் குனிந்து ஒன்றை அள்ளும்போது, பின்னால் மூன்று உட்கார்ந்து எழுந்து, எதுவும் நடக்காததுபோல வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். பத்து நிமிஷம் கழித்து அங்கே காலை வைக்கிற ஓட்டப் பயிற்சிக்காரர் சொல்லும் ஸ்பானிஷ் வார்த்தைகள் எந்த அகராதியிலும் இருக்காது.

பெஞ்சில் ஓய்வூதியப் பெரியவர் ஒருவர் செய்தித்தாளை மடித்துவிட்டு விரல் நீட்டி எண்ணுவார். "பதினேழு! அக்கிரமம்! சட்டம் எங்கே?" நியாயமான கோபம். எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது, அவ்வளவுதான். இடதுபக்கம் மூன்றாவதாக வாலாட்டிக்கொண்டு நிற்கும் அவர் வீட்டு பூடிலை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

அவரிடம் கட்டணத்தைப் பற்றிப் பேசிப் பாருங்கள். கூலி நாய்க்கு இவ்வளவு என்று மாதக் கணக்கு. 2023-ல் அர்ஜென்டினாவின் பணவீக்கம் 211 சதவீதத்தைத் தாண்டியது. முதல் வீட்டில் நாயை எடுக்கும்போது சொன்ன கூலி, கடைசி வீட்டில் திருப்பி விடும்போது பழைய கூலியாகிவிட்ட காலம் அது. மேய்ப்பவர் தயங்கித் தயங்கி, "எட்டோடு நிறுத்திக்கிறேன், கூலியை இரண்டு மடங்காக்குங்க" என்றால் பெரியவர் முகம் சுருங்கும். "எட்டோட நிறுத்துப்பா, நல்லதுதான். கூலி மட்டும் பழசே இருக்கட்டும்." மேய்ப்பவர் தலையாட்டிவிட்டு, அடுத்த தெருவில் ஒரு பீகிளைச் சேர்த்துக்கொள்வார்.

நாய்ப் பாசத்தில் இந்த ஊரை அடித்துக்கொள்ள முடியாது. 1983-ல் பணியில் சுட்டுக் கொல்லப்பட்ட சோனினோ என்ற போலீஸ் நாயின் நினைவாக ஜூன் 2-ஐத் தேசிய நாய் தினமாகக் கொண்டாடுகிறார்கள். 2023 டிசம்பரில் பதவியேற்ற அதிபர் ஹாவியேர் மிலேய், அதிகாரச் சின்னமான கைத்தடியில் தன் நாய்களின் முகங்களைப் பொறித்துக்கொண்டார். இவ்வளவு பாசத்திலும், மழைநாளில் நாயோடு கீழே இறங்க மட்டும் ஆள் வைக்க வேண்டியிருக்கிறது.

சனி, ஞாயிறு மேய்ப்பவருக்கு விடுமுறை. சொந்தக்காரர்களே இறங்குவார்கள். ஆளுக்கு ஒரு நாய். அந்த ஒன்று இவர்களை ரோட்டின் குறுக்கே இழுத்துப்போகும், புறாவைத் துரத்தும், இன்னொரு நாயை முறைக்கும். இரண்டே நிமிஷத்தில் வியர்த்துப்போய், "வாரநாள்ல இப்படி இல்லையே" என்பார்கள். வாரநாளில் அது எப்படி என்று இவர்கள் பார்த்ததே இல்லை.

எட்டு நாய் என்ற சட்டம் நல்ல சட்டம். ஒரு மனிதனால் எட்டைப் பார்த்துக்கொள்ள முடியும், பதினெட்டைக் கட்டி இழுக்கத்தான் முடியும். அபராதம் போடுங்கள், பதிவட்டை கேளுங்கள், நாய்களுக்கும் பூங்காவுக்கும் அது நல்லது. ஆனால் பலேர்மோவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டாலும் அவரவர் நாய் முதல் எட்டுக்குள்தான் இருக்கிறது. அந்த ஒன்பதாவது நாயை மேய்ப்பவர் வீட்டிலிருந்து கொண்டுவரவில்லை. அதை அவர் கையில் கொடுத்து, கூலியையும் பேரம் பேசிக் குறைத்தவர் ஏழாவது மாடியில் இருக்கிறார். அபராதச் சீட்டின் நகல் ஒன்று அங்கேயும் போக வேண்டும்.