பலகையும் பாவும்

நான் வளர்ந்தது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். 1980களில் அங்கே இடுப்பில் தொடங்கிப் பின்தொடை வழியாகக் கெண்டைக்கால்வரை இழுக்கிற வலி ஒரு நெசவாளிக்கு வந்துவிட்டால், முதல் வைத்தியம் பலகை. பாயையும் தலையணையையும் எடுத்துவிட்டுக் கதவு அகலப் பலகையைத் தரையில் போடுவார்கள். எழுந்திருக்கக் கூடாது. சாப்பாடு படுக்கைக்கே வரும். அப்பாவுக்கு அப்படி ஒரு பலகை கூடத்தின் நடுவில் கிடந்தது. குழித்தறி ஓடவில்லை. பாதி நெய்த சேலையில் தூசி படியாதிருக்க அம்மா அதன் மேல் பழைய வேட்டியைப் போர்த்திவைத்தாள்.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. நொச்சித் தழையை வதக்கி ஒத்தடம், தவிட்டையும் கல்லுப்பையும் வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம், இரவில் பிண்டத் தைலம், காலையில் முடக்கத்தான் தோசை. கால் முதலில் வரப் பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்று பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் மெதுவாகத்தான் மிதித்தார். அப்பா அலறியதைத் தெருவே கேட்டது. பட்டணத்து மருத்துவரும் கடைசியில் பலகையைத்தான் சொன்னார். நாட்டு வைத்தியமும் இங்கிலீஷ் வைத்தியமும் ஒத்துப்போன அபூர்வமான இடம் அது.

அதே மழைக்காலத்தில், அதே வீட்டில், அத்தைக்கும் அதே வலி. அவளுக்குப் பலகை கிடைக்கவில்லை. தார் சுற்ற அவள் வேண்டும், அடுப்புக்கு அவள் வேண்டும். விடிவதற்கு முன் தெருவில் பாவு நீட்டும்போது இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து அறுந்த இழையை முடிய அவள் வேண்டும். “எனக்கும்தான்டா சுருக்குன்னு இழுக்குது. நான் படுத்தா தாரு யாரு சுத்தறது?” என்பாள். உட்கார முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபடி காய் நறுக்கியிருக்கிறாள். “அவளுக்கென்ன, நடமாடறாளே” என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னது இப்போதும் எனக்கு ஆறவில்லை.

பொங்கலுக்குள் அத்தையின் கால் நேராகிவிட்டது. அப்பா சித்திரையிலும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். படுத்துப் படுத்துத் தொடை சூம்பியிருந்தது. அத்தையின் வலி சின்ன வலி, அப்பாவினுடையது பெரிய வலி என்று எல்லோரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

எனக்கு அந்த வலி வந்தது கணக்கு எழுதும் மேசையில். இயன்முறை மருத்துவர், என் மகள் வயது இருக்கும், முதல் வாக்கியமாகவே சொன்னார்: “படுக்காதீங்க சார், நடங்க. தாங்குற அளவுக்கு, கொஞ்சம் கொஞ்சமா.”

அவர் சொன்னதற்குப் பின்னால் இருந்த விஷயம் புதிதல்ல. உடம்பிலேயே பருமனான நரம்பு சயாட்டிக் நரம்பு. கீழ்முதுகில் கிளம்பும் வேர்கள் சேர்ந்து அது உருவாகிறது. முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு பிதுங்கி அந்த வேரை அழுத்துவதால் இந்த வலி வரும் என்று பாஸ்டனில் மிக்ஸ்டரும் பாரும் 1934இலேயே எழுதிவிட்டார்கள். அழுத்தம் மட்டுமல்ல, வட்டின் உள்ளிருந்து கசிவதும் வேரைப் புண்ணாக்குகிறது. ஆனால் பிதுங்கிய துண்டை உடம்பின் செல்களே காலப்போக்கில் அரித்துக் கரைத்துவிடுவதுண்டு. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வலி தணிய இதுவும் ஒரு காரணம். ஸ்வீடனில் நாகெம்சன் என்ற மருத்துவர் 1960களில் வட்டுக்குள் ஊசி செருகி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் கூடுதலாக இருந்தது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால் இன்னும் கூடியது. குழியில் காலை விட்டு, குனிந்து, மிதிகட்டையை மிதித்துக்கொண்டே நாள் முழுக்க உட்கார்ந்த அப்பாவுக்கு இதைச் சொல்ல ஒருவர்கூட வரவில்லை.

நெதர்லாந்தில் 1999இல் ஓர் ஆய்வு வெளியானது. சயாட்டிகா என்கிற இந்த வலி வந்த 183 பேரில் ஒரு பாதியை இரண்டு வாரம் படுக்கையில் வைத்தார்கள். மறுபாதியை முடிந்தவரை நடமாட விட்டார்கள். பன்னிரண்டு வாரம் கழித்து இரு பக்கமும் 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். படுக்கை எதையும் கூட்டித் தரவில்லை. அதைப் படித்தபோது எனக்கு அத்தைதான் நினைவுக்கு வந்தாள். வேலை வாங்கியது அவளுக்கு வைத்தியமாயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். தண்ணீர்க் குடம் தூக்கிய நாளெல்லாம் அவள் இரவில் தூங்கவில்லை. அம்மா பார்த்துக் குடத்தை வாங்கிக்கொண்ட பிறகுதான் தணிந்தது. நடந்தவளின் வலியை வலியாகவே எண்ணாததுதான் அநியாயம்.

வீட்டில் எனக்கு உதவியவை எளிமையானவை. தெருக்கோடிவரை நடை, ஒரு நாளில் பல முறை. அரைமணிக்கு மேல் உட்காராமை. ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு இடையே தலையணை. குப்புறப் படுத்து முழங்கை ஊன்றி மெல்ல நெஞ்சைத் தூக்குவது: இதன் வரலாறு நியூசிலாந்தின் ராபின் மெக்கன்ஸியிடம் போகிறது. 1956இல் அவருடைய நோயாளி ஒருவர் தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் தற்செயலாகக் குப்புறப் படுத்தார். எழுந்தபோது கால்வலி விட்டிருந்தது. எல்லோருக்கும் இது ஒத்துக்கொள்ளாது. வலி கெண்டைக்காலை விட்டு மேலேறி இடுப்போடு நின்றால் தொடரலாம். பாதத்தை நோக்கி இறங்கினால் நிறுத்த வேண்டும்.

ஒத்தடத்தை நான் விடவில்லை. நரம்பு வேர்வரை சூடு எட்டாது, ஆனால் இறுகிய தசை இளகி, நடக்கத் துணிவு வருகிறது. மரத்துப்போன இடத்தில் மட்டும் கவனம் வேண்டும், சுட்டது தெரியாமலே கொப்புளித்துவிடும். முதுகை மிதிப்பதை எந்த வீட்டிலும் அனுமதிக்காதீர்கள்.

அமரும் இடமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, சிறுநீர் போக முடியாமலோ கட்டுப்படாமலோ ஆனாலோ, இரண்டு கால்களிலும் வலுக் குறைந்தாலோ, பாதம் தொங்கிப்போனாலோ, வீட்டு வைத்தியம் அந்த நிமிடமே நிற்க வேண்டும். அன்றே மருத்துவமனை.

இப்போது யாரும் பலகை போடுவதில்லை. அந்த இடத்துக்கு ஸ்கேன் காகிதம் வந்திருக்கிறது. ‘டிஸ்க் பல்ஜ்’ என்ற வரியைப் பார்த்ததும் பெல்ட்டை இறுக்கிக் கட்டி, குனியப் பயந்து, நடக்கப் பயந்து, மெத்தைக்குப் போய்விடுகிறார்கள். அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு 1994இல் வந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஓரிடத்திலாவது வட்டு புடைத்திருந்தது. அறுவை சிகிச்சையை நான் குறை சொல்லவில்லை. கடும் வலிக்காரர்கள் 283 பேரை வைத்து நெதர்லாந்திலேயே 2007இல் வெளியான ஆய்வில், சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாக விட்டது. ஆனால் ஓராண்டு முடிவில், காத்திருந்து தேவைப்பட்டால் மட்டும் அறுவைக்குப் போன பிரிவிலும் அதே 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள்.

எங்கள் வீட்டுத் தறியில் இன்று தம்பியின் மனைவி உட்காருகிறாள். போன ஆடியில் அவளுக்கும் கால் இழுக்கத் தொடங்கியது. “சும்மா கெட, சரியாயிடும்” என்று யாரும் சொல்லவில்லை. குடத்தைத் தம்பி தூக்குகிறான். அவள் அரைமணிக்கு ஒரு தரம் குழியை விட்டு எழுந்து வாசல்வரை நடந்துவிட்டு வருகிறாள். எழுந்து நடக்கிற நேரத்தில் தறி ஓடாது. கூலியோ சேலைக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. கெடு வைக்கிற முதலாளியிடம் அந்த நேரத்தையும் கணக்கில் சேர்க்கும்படி கேட்டிருக்கிறோம். அடுத்த பாவு கொடுக்கும்போது சொல்கிறேன் என்றிருக்கிறார்.