மளிகைக் கடையில் சிம், வாசல் மணியில் இணையம்

ஜெர்மனியில் சிம் கார்டு வாங்க அலைபேசிக் கடையைத் தேட வேண்டியதில்லை. பாலும் ரொட்டியும் வாங்குகிற ஆல்டி அங்காடியின் கல்லாவிலேயே கிடைக்கும். 2005 முதல் இந்த வியாபாரம் நடக்கிறது. போட்டிக்கடையான லிடிலும் தன் பங்குக்கு விற்கிறது. இரண்டுக்கும் சொந்தமாக ஓர் அலைபேசிக் கோபுரம்கூடக் கிடையாது. ஆல்டியின் சிம் ஓ2 வலையமைப்பிலும் லிடிலின் சிம் வோடஃபோன் வலையமைப்பிலும் ஓடுகின்றன. திட்டத்தின் ஆயுள் மாதக்கணக்கில் அல்ல, நான்கு வாரக்கணக்கில். 28 நாளை ஒரு மாதம் என்று சாதிக்கும் வித்தை இந்திய நிறுவனங்களுக்கு மட்டுமே கைவந்தது என்று நினைத்திருந்தவர்களுக்கு இது ஓர் ஆறுதல்.

வாங்குவது எளிது. உயிர் கொடுப்பதுதான் பாடு. 2017 ஜூலை முதல் ப்ரீபெய்டு சிம்முக்கும் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். வீடியோ அழைப்பில் ஓர் ஊழியர் தோன்றி, பாஸ்போர்ட்டை மேலே சாய்க்கச் சொல்வார், கீழே சாய்க்கச் சொல்வார், கற்பூரத் தட்டு காட்டுவதுபோல கேமராவுக்கு முன் ஆட்டச் சொல்வார். இந்த வீடியோ அழைப்புக்கு இணையம் வேண்டும். இணையத்துக்காகத்தானே சிம் வாங்கினோம் என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை.

மாதக் கட்டண ஒப்பந்தம் போடலாம் என்றால், ஷூஃபா குறுக்கே நிற்கும். ஒருவர் கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று மதிப்பெண் போடும் தனியார் நிறுவனம் அது. நேற்று வந்திறங்கியவர் ஒரு காசுகூடக் கடன் வைத்திருக்க மாட்டார். அவரைப் பற்றி அங்கே ஒரு வரியும் இருக்காது. சுத்தமான மனிதர் என்பதே சந்தேகத்துக்குரிய விஷயமாகிவிடுகிறது. அதையும் தாண்டி ஒப்பந்தம் கிடைத்தால், பெரும்பாலும் 24 மாதம். முன்பெல்லாம் முடிவதற்கு மூன்று மாதம் இருக்கும்போதே ‘வேண்டாம்’ என்று எழுதிக் கொடுக்காவிட்டால், இன்னொரு வருடம் தானாக நீளும். 2021 டிசம்பரில் வந்த சட்டம் அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டியது. முதல் ஒப்பந்தக் காலம் முடிந்தபின் ஒரு மாத அவகாசத்தில் விலகலாம். 2022 ஜூலை முதல், இணையத்தில் ஒப்பந்தம் விற்கும் நிறுவனங்கள் ‘ரத்து’ பொத்தானையும் தங்கள் தளத்திலேயே வைத்தாக வேண்டும். சேர்வதற்கான பொத்தான் பெரிதாக, பளபளப்பாக இருக்கும். விலகுவதற்கானது பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் ஒதுங்கியிருக்கும்.

வீட்டு இணையம் தனிப் புராணம். மியூனிக்கில் குடியேறிய கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், தொழில்நுட்பர் வருவார் என்று விடுப்பு எடுத்துக்கொண்டு காலை முதல் காத்திருந்தார். மாலையில் வந்தது தொழில்நுட்பர் இல்லை, ‘வந்தோம், ஆளைக் காணோம்’ என்ற குறுஞ்செய்தி. காரணம் வாசல் மணி. ஜெர்மனியின் அடுக்ககங்களில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. மணிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பெயர்தான் முகவரி. மணியில் இன்னும் பழைய குடித்தனக்காரரின் பெயர்தான் இருந்தது. ஊரிலிருந்து அம்மா கேட்டார்: “ஜெர்மனிக்குப் போயும் நெட்டு வரலியா கண்ணு? இங்க நம்ம தோட்டத்துலயே வருதே!”

அம்மாவின் கேள்வியில் நியாயம் உண்டு. 2013இல் சான்சலர் மெர்கல், ஒபாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, இணையம் நம் எல்லோருக்கும் புதிய நிலப்பரப்பு என்றார். 2018இல் ஆய்வுத்துறை அமைச்சர் கார்லிசெக், ஒவ்வொரு பால்கேனுக்கும் 5ஜி தேவையில்லை என்றார். அதே ஆண்டு பொருளாதார அமைச்சர் ஆல்ட்மையர், காரில் போகும்போது வெளிநாட்டு அமைச்சர்களின் அழைப்பைத் தனக்கு இணைக்க வேண்டாம் என்று அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டதாக ஒப்புக்கொண்டார். மூன்று நான்கு முறை துண்டிக்கப்படுவது வெட்கமாக இருக்கிறதாம். அமைச்சருக்கே சிக்னல் இல்லாத நாட்டில், மலிவான திட்டத்தைத் தேடுவதைவிட, வீட்டிலும் போகிற ரயில் பாதையிலும் எந்த வலையமைப்பு எடுக்கிறது என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பதே புத்திசாலித்தனம்.

தொழில்நுட்பர் சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் 10 யூரோவோ மாதக் கட்டணத்தில் 20 சதவீதமோ, எது அதிகமோ அதை இழப்பீடாகக் கேட்கலாம். இதுவும் 2021 சட்டம் தந்ததுதான். ஆனால் அதற்கு மணியில் உங்கள் பெயர் இருந்திருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு, இந்திய சிம்மைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. வெளிநாட்டு எண்ணிலேயே யுபிஐ பயன்படுத்த 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட 10 நாடுகளில் சிங்கப்பூர் உண்டு, ஓமன் உண்டு, ஜெர்மனி இல்லை. வங்கியின் ஓடிபியும் பெரும்பாலும் பழைய எண்ணுக்குத்தான் வரும். ரோமிங்கில் உள்வரும் குறுஞ்செய்திக்குக் கட்டணமில்லை. அழைப்பை எடுத்தால் உண்டு. ‘லோன் வேணுமா சார்’ என்று கேட்பவருக்குப் பதில் சொல்லும் செலவு உங்களுடையது.

ஆகவே, ஜெர்மனி போகிறவர்கள் முதலில் மளிகைக் கடை சிம்மோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 24 மாத ஒப்பந்தத்துக்கு அவசரமில்லை. இந்திய எண்ணின் ரோமிங்கைச் சென்னை விமான நிலையம் போவதற்கு முன்பே இயக்கிவிடுங்கள். ஜெர்மனி போய் இயக்கப் பார்த்தால் அதற்கும் ஓர் ஓடிபி கேட்பார்கள். அது இந்திய எண்ணுக்குத்தான் வரும்.