மீதி எங்கே?

கே: போயிங் விமானத்தில் நடுவானில் கதவே பிய்த்துக்கொண்டு போனதாமே! அவ்வளவு பெரிய கம்பெனியில் போல்ட்டு மாட்டியதா என்று பார்க்க ஆள் இல்லையா?
– வாசகர், காட்டுமன்னார்கோயில்

ப: ஆள் இருந்தார்கள், கேட்டவர்தான் இல்லை. உங்கள் ஊர் வைணவ ஆசாரியர் நாதமுனிகள், 'ஆயிரத்துள் இப்பத்து' என்று முடியும் பத்துப் பாசுரம் காதில் விழுந்ததுமே "ஆயிரத்தில் மீதி எங்கே?" என்று விசாரித்துக் குருகூர் வரை போனவர் என்பார்கள். போயிங்கின் ரென்டன் ஆலையில் 2023 செப்டம்பரில், ரிவெட்டு சரிசெய்ய, கதவு இடத்தை மூடும் பலகையைத் திறந்தார்கள். திறந்ததற்கு ஏட்டில் ஒரு வரி கிடையாது. எழுதாத வேலையை எவர் சோதிப்பார்? பலகையைப் பிடிக்கும் நான்கு போல்ட்டும் இல்லாமலே அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் பறந்தது. 2024 ஜனவரி 5 அன்று, போர்ட்லாண்டு அருகே சுமார் 14,800 அடியில் பலகை தனியாகவும் பறந்தது. பக்கத்து இரண்டு இருக்கைகளும் காலி. அது பெருமாள் செயல், போயிங் செயல் அல்ல.

1997-இல் போட்டி விமானக் கம்பெனி மெக்டொனல் டக்ளஸை போயிங் விழுங்கிய பிறகு பொறியாளர் பேச்சு அடங்கி, பங்குவிலைப் பேச்சு ஓங்கியது என்று பழைய ஊழியர்களே புலம்புகிறார்கள். 2001-இல் தலைமையகமும் பொறியாளர்கள் இருந்த சியாட்டிலை விட்டு சிகாகோ போனது. 2018, 2019-இல் போயிங்கின் 737 மேக்ஸ் விமான விபத்துகளில் 346 பேர் மாண்டும் பாடம் ஏறவில்லை.

நம் நாட்டிலும் அலாஸ்கா ஏர்லைன்ஸ் சம்பவச் சமயம், 40 மேக்ஸ் விமானங்களுள் 39-இல் சுக்கான் போல்ட்டுகளைச் சோதித்தார்கள். ஒன்றில் ஒரு வாஷரைக் காணோம்.