கால் நீட்ட ஓர் இடம்

பழைய அம்பாசிடரின் முன்சீட்டில், டிரைவருக்கும் கதவோரம் உட்கார்ந்த பெரியப்பாவுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்கோ குற்றாலத்துக்கோ போயிருக்கிறீர்களா? போயிருந்தால் நான் சொல்லப்போவது உங்களுக்கும் தெரிந்த கதைதான். முன்னால் நாலு பேர், பின்னால் ஐந்து பேர், மடியில் குழந்தைகள், டிக்கியில் புளியோதரைத் தூக்கும் மாற்றுத்துணி மூட்டையும் என்று ஏறிக்கொண்ட பிறகும், அந்த வண்டிக்குள் நெட்டையான ஒரு மனிதர் தலையைக் குனியாமல், முழங்காலை நெஞ்சோடு சேர்க்காமல் உட்கார்ந்து வர முடிந்தது. அது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று அன்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. இன்று புதுக் கார் தேடி ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கும்போதுதான் அது மனசில் வந்து நிற்கிறது.

எங்கள் குடும்பத்து ஆண்கள் எல்லோரும் நெட்டை. தாத்தா எந்த வீட்டு நிலைப்படியையும் குனியாமல் தாண்டியதில்லை. அப்பா டவுன் பஸ்ஸில் நின்றால் மேல்கம்பி அவர் காதோரம் வரும். நான் கல்லூரியில் சேர்ந்தபோது ஆறடி இரண்டங்குலம். அந்த வயதில் கார் என்றால் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் மட்டுமே. அதற்குள் நமக்கு இடம் இருக்குமா என்ற கேள்வியே எழவில்லை. எங்கள் தெருவில் நின்றது அம்பாசிடர், ஆகவே உலகத்துக் கார்கள் எல்லாமே அப்படித்தான் இருக்கும் என்று நிம்மதியாக நம்பிக்கொண்டிருந்த அந்தப் பையனை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, அவன்மேல் கொஞ்சம் பிரியமும் வருகிறது.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைத் தழுவி, 1950-களின் கடைசியில் மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் உருவாகத் தொடங்கி, 2014 மே மாதம் வரை அங்கிருந்தே வந்துகொண்டிருந்த அந்த வண்டியின் நீளம் 4.3 மீட்டர், உயரம் கிட்டத்தட்ட 1.6 மீட்டர். இந்த அளவுகளைவிட அதன் உள்ளமைப்புதான் நெட்டையர்களுக்குப் பெரிய வரம். முன்சீட், வீட்டுத் திண்ணையைப் பெயர்த்து உள்ளே வைத்ததுபோல ஒரே நீளமாக இருக்கும். கியர்க்கம்பி ஸ்டீயரிங் தண்டிலேயே இருந்ததால் நடுவில் எதுவும் குறுக்கிடாது; மழைத்தண்ணீர் தேங்கிய பக்கத்தைத் தவிர்த்து இடப்பக்கக் கதவால் ஏறி, அப்படியே நகர்ந்து ஸ்டீயரிங்குக்கு வந்துவிடலாம். ஹெட்லைட்டைத் தாழ்த்தத் தரையில் ஒரு குமிழ் உண்டு. எதிரே லாரி வந்தால் இடது கால் தானாக அதைத் தேடிப்போய் மிதிக்கும். முன் கதவுக் கண்ணாடியின் ஓரத்தில் முக்கோணமாக ஒரு சின்னக் கண்ணாடி. ஆலங்குளம் தாண்டி, தென்காசிச் சாலையில் ஆனி மாதத்துக் காற்று குறுக்கே அடிக்கும்போது அந்த முக்கோணத்தைக் கொஞ்சமாகத் திருப்பிவிட்டால், சாரலின் ஈரத்தோடு காற்று நேராக முகத்துக்கு வரும். எத்தனையோ ஏசி வென்ட்டுகளைப் பார்த்துவிட்டேன். அந்தக் காற்றை இன்னும் எதுவும் தரவில்லை.

ஆனால் இடம் கிடைத்த அந்தக் காலத்தில் நம்பிக்கை கிடைக்கவில்லை. எந்தக் கம்பெனி வண்டியானாலும், செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலையேற்றத்தில் ரேடியேட்டர் கொதித்துவிடும். ஓடையில் தண்ணீர் மொண்டு வந்து, மூடியைத் துணி வைத்துத் திறந்து, ஆவி அடங்கும்வரை பாறைமேல் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருப்போம். வெளியூர்ப் பயணம் என்றால் முந்தின நாளே பாளையங்கோட்டைப் பட்டறையில் வண்டியை விட்டுவிட வேண்டும். அங்கிருந்த மெக்கானிக் அண்ணாச்சி, ஓடும் இன்ஜின்மேல் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஊன்றி, அதன் பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்பார். பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்டை உப்புத்தாளால் இரண்டு தேய் தேய்த்து, கார்பரேட்டர் ஜெட்டை வாயால் ஊதி மாட்டிவிட்டு, "இனி குற்றாலம் என்ன, கொல்லம் வரைக்கும் போயிட்டு வாங்க தம்பி" என்பார். வண்டியை நம்பி யாரும் கிளம்பவில்லை. அண்ணாச்சியின் காதை நம்பித்தான் கிளம்பினோம்.

1983 டிசம்பர் 14 அன்று, அந்நாள் பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியை வாங்கியவர் கையில் கொடுத்தபோது, நம் நாட்டுச் சாலைகளில் அந்த நம்பிக்கை கிடைக்கத் தொடங்கியது என்று சொல்லலாம். 796 சிசி, மூன்று சிலிண்டர். காலையில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் ஓடும். மாலையில் திருப்பினாலும் ஓடும். இது ஒரு செய்தியா என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். விடிகாலையில் நாலு பேரைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ளச் சொன்ன தலைமுறையிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால் நீளம் 3.3 மீட்டர், உயரம் 1.4 மீட்டர். நாலு பேர் கொண்ட சராசரிக் குடும்பத்துக்குக் கச்சிதமாக வெட்டிய சட்டை அது. நெட்டையர்களை மனசில் வைத்து வெட்டியதல்ல. சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினால் பின்சீட்டில் ஆள் உட்கார முடியாது, தள்ளாவிட்டால் முழங்கால் ஸ்டீயரிங்கைத் தொடும். நின்று போகாத கார் ஒருவழியாக வந்தது. ஆனால் நிமிர்ந்து உட்கார இடமில்லாமல் வந்தது.

பதினைந்து வருஷம் கழித்து, 1998-இல், நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வெளிவந்தபோது அதன் உயரமான உருவத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. என் போன்றவர்கள் சுளிக்கவில்லை. அடுத்த வருஷக் கடைசியில் மாருதியின் வேகன் ஆரும் அதே வழியில் வந்தது. அந்த வடிவத்துக்குள் நல்ல யோசனை ஒன்று இருக்கிறது. தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்தால் கால்கள் முன்னால் நீள வேண்டும், அதற்கு வண்டி நீளமாக இருக்க வேண்டும். சீட்டைத் தூக்கிவைத்து நாற்காலியில் உட்கார்வதுபோல உட்கார வைத்தால் முழங்கால் கீழ்நோக்கி மடங்கும், குறைந்த நீளத்திலேயே கால் அடங்கிவிடும். கூரையையும் கூடவே உயர்த்திவிட்டால் தலைக்கும் இடம் கிடைத்துவிடும். வேகன் ஆர் இன்றும் அதிகம் விற்கும் கார்களின் முன்வரிசையில் நிற்பதற்கு இந்த எளிய கணக்கும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

அப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் 2006 பட்ஜெட்டில், 4 மீட்டருக்கு உட்பட்ட நீளமும் சின்ன இன்ஜினும் உள்ள கார்களுக்குக் கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. சின்னக் கார் வாங்குவோருக்கு அது பெரிய உதவி, அதில் சந்தேகமில்லை. அதன்பிறகு பெரிய காராகத் தோற்றமளிக்க வேண்டிய வண்டிகளும் அந்த 4 மீட்டருக்குள் தம்மைச் சுருக்கிக்கொண்டன. டிக்கி குட்டையானது, மூக்கு குட்டையானது, இவற்றுக்கு நடுவே இரண்டு வரிசை மனிதர்கள் தம் கால்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்தக் கோடு இன்றும் அழியவில்லை: 2025 செப்டம்பர் 22 முதல் அந்த அளவுக்குள் அடங்கும் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், மின்சாரக் கார்கள் நீங்கலாக அதைத் தாண்டியவற்றுக்கு 40. வெளியே நின்று பார்த்தால் தோளளவு உயரத்தில் ஜீப் மாதிரி ஒரு வண்டி. உள்ளே உட்கார்ந்தால் பின்சீட்டில் அம்மாவின் முழங்கால் என் சீட்டை முட்டுகிறது.

இப்போதைய ஷோரூம்களில் பிள்ளைகள் மிகுந்த மரியாதையோடுதான் பேசுகிறார்கள். "சார், டாப் மாடல் எடுத்துக்கோங்க சார், பனோரமிக் சன்ரூஃப் இருக்கு." அந்தத் தம்பிக்குத் தெரியாத ஒன்றைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கூரையில் கண்ணாடி பதித்தால் அதைத் தாங்கும் சட்டமும் திரையும் உள்பக்கம் இறங்கிவரும், தலைக்கு மேலே ஓரிரு அங்குலம் போய்விடும். வானம் பார்க்க ஆசைதான். அதற்காகத் தலைமுடி கூரையில் உரசிக்கொண்டே திருநெல்வேலியிலிருந்து சென்னைவரை ஓட்ட முடியாது. சரி, கீழ்நிலை மாடலை எடுக்கலாம் என்றால் அங்கே சீட்டை ஏற்றி இறக்கும் வசதி பெரும்பாலும் இருக்காது. ஸ்டீயரிங்கை நம் பக்கமாக இழுத்துக்கொள்ளும் வசதியும் இருக்காது. நெட்டையர்களுக்கு அந்த இழுவைதான் உயிர். காலுக்காகச் சீட்டைப் பின்னால் தள்ளினால் ஸ்டீயரிங் தூரமாகிவிடும். கையை நீட்டி, தோளைச் சீட்டிலிருந்து பிரித்து ஓட்டினால் ஐம்பது கிலோமீட்டரில் கழுத்து சொல்லிவிடும். பல சின்னக் கார்களில் ஸ்டீயரிங் மேலும் கீழும் மட்டும்தான் அசைகிறது. ஆகவே சன்ரூஃப் இல்லாத, ஆனால் இந்த இரண்டு வசதிகளும் உள்ள நடு மாடல் எது என்று கேளுங்கள். அப்படி ஒன்று இருந்தால் அதுதான் உங்கள் வண்டி.

உட்கார்ந்து பார்க்கவும் ஒரு முறை இருக்கிறது. செருப்போடு, வழக்கமாக ஓட்டும் உடையோடு உட்காருங்கள். கிளட்சை முழுக்க மிதித்தபோதும் முழங்காலில் கொஞ்சம் மடிப்பு மிச்சமிருக்க வேண்டும். முதுகைச் சீட்டில் ஒட்டியபடியே கையை நீட்டினால் ஸ்டீயரிங்கின் உச்சியில் மணிக்கட்டு படிய வேண்டும். அதேசமயம் ஏர்பேக் இருக்கும் நடுப்பகுதிக்கும் நெஞ்சுக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். தலைக்கு மேலே ஒரு கைமுட்டி நுழைய வேண்டும். தொடைக்குக் கீழே சீட் முழங்கால்வரை வருகிறதா பாருங்கள். பாதித் தொடையில் முடிந்தால் நீண்ட பயணத்தில் கால் மரத்துப்போகும். ஹெட்ரெஸ்ட்டை மேலே இழுத்தால் பின்தலைக்கு வருகிறதா, கழுத்தோடு நின்றுவிடுகிறதா என்று கவனியுங்கள். பின்னால் ஒரு வண்டி மோதினால் கழுத்தைக் காப்பது அதுதான். முன்கண்ணாடியின் மேல்விளிம்பு சிக்னல் விளக்கை மறைக்கிறதா, உள்கண்ணாடி இடப்பக்கத்திலிருந்து சாலையைக் கடக்கும் ஆளை மறைக்கிறதா என்று கண்ணளவில் நிதானமாகப் பாருங்கள். எல்லாம் சரியென்றால், சீட்டை அப்படியே விட்டுவிட்டு இறங்கி, பின்கதவைத் திறந்து, உங்கள் சீட்டுக்குப் பின்னாலேயே போய் உட்காருங்கள். உங்கள் முழங்காலுக்கு அங்கே இடமிருந்தால் வீட்டில் எல்லோருக்கும் இருக்கும்.

நம்பகத்தன்மைக்கு விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போங்கள். 2005-இல் வந்த இன்னோவா, லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியபின்னும் விலைபோவதற்குக் காரணம் ஊர் ஊராக டிரைவர்கள் சொன்ன வார்த்தைதான். வந்து இரண்டு வருஷமாவது ஆன மாடல், டர்போ இல்லாத எளிய பெட்ரோல் இன்ஜின், நாற்பது கிலோமீட்டருக்குள் ஒரு சர்வீஸ் சென்டர்: இந்த மூன்றும் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இன்றைய மெக்கானிக் தம்பி காதில் ஸ்க்ரூடிரைவர் வைப்பதில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி, கையிலிருக்கும் திரையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீட்டைப் படித்து, எந்த சென்சார் போயிருக்கிறது என்று சொல்லிவிடுகிறார். அண்ணாச்சியின் கண்மூடிய முகம் எனக்கு மறக்கவில்லை. ஆனால் நடுராத்திரியில் பேரப்பிள்ளைகளோடு மலையிறங்கும்போது அந்தத் திரையை நான் மனதார நம்புகிறேன். பழைய வண்டியின் இரும்பு டேஷ்போர்டின் முன்னால், பெல்ட் இல்லாமல், மடியில் குழந்தையோடு போன அந்தப் பயணங்களின் சந்தோஷத்தைக் கேட்டால் இன்றைக்கெல்லாம் சொல்வேன். அந்தக் குழந்தையின் இடத்தில் என் பேத்தியை உட்கார வைக்கமாட்டேன்.

நான் இம்முறை எடுத்தது 4 மீட்டரைத் தாண்டிய, சன்ரூஃப் இல்லாத நடு மாடல். வரி கூடத்தான். அந்தக் கூடுதல் பணம் முழங்காலுக்கும் கழுத்துக்கும் கொடுத்த விலை என்று வீட்டில் சொன்னேன், அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். கார் செய்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: ஸ்டீயரிங்கை இழுக்கும் வசதியையும் உயர்த்தக்கூடிய ஹெட்ரெஸ்ட்டையும் விலை குறைந்த மாடலுக்கும் கொடுங்கள். நெட்டையாகப் பிறப்பவர்கள் எல்லோரும் வசதியோடு பிறப்பதில்லை. நாலு பேர் உட்கார வேண்டிய இடத்தில் ஒன்பது பேரை ஏற்றிக்கொண்ட ஒரு நாட்டில், ஒரு மனிதர் நிமிர்ந்து உட்கார்வதற்கான இடத்தை டாப் மாடலில் மட்டும் விற்பது நியாயமில்லை.