இரண்டாவது மாங்கனி: ஹைபர்னேட் ஆகாமல் உறையும் ஒரு மடிக்கணினி பற்றிய காரைக்கால் ஆய்வு

சைவ சித்தாந்த நூலாசிரியர்கள் முதலில் பிறர் கொள்கைகளை மறுத்துவிட்டுப் பிறகுதான் தம் கொள்கையை நிறுவுவார்கள். முன்னது பரபக்கம், பின்னது சுபக்கம். ஒரு மடிக்கணினி ஏன் தூங்க மறுக்கிறது என்ற இச்சிறு விசாரணைக்கும் அதுவே முறை. நாயன்மார் ஒருவர் பிறந்த ஊரில் ஆய்வு செய்பவன் வேறு முறையைக் கைக்கொண்டால் நன்றாயிராது.

ஆய்வுப் பொருள், காரைக்கால் பேருந்து நிலையம் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறது. 4 ஜிபி ராம். யாரோ ஒரு மாணவன் விளையாட்டுக்காக வாங்கி, சலித்து விற்றது. ஆகவே 1 ஜிபி நினைவகம் கொண்ட தனி கிராபிக்ஸ் கார்டும் உண்டு. கடைக்காரரின் மருமகன் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறான். புதுச்சேரிக் கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் விண்ணப்பக் காலத்தில் அதன் குரோமில் எத்தனை டேப் திறந்திருக்கும் என்பது அந்தக் குரோமுக்கே தெரியாது. சாயங்காலம் கரண்ட் போகும். பேட்டரி கடைசி மூச்சுக்கு வந்ததும் இயந்திரம் தானாக ஹைபர்னேட் ஆகப் பார்க்கும். திரை கறுக்கும், ஃபேன் மட்டும் சுற்றும், கேப்ஸ் லாக் விளக்கு எத்தனை தட்டினாலும் மாறாது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால், பாதி நிரப்பிய விண்ணப்பமும் அதோடு போகும். காலையில், ஒன்றிரண்டு டேப்கள் மட்டும் இருக்கும்போதோ, குழந்தை மாதிரி தூங்கி எழுகிறது.

பரபக்கத்தில் முதலாவது, சனி வாதம். "திருநள்ளாறு பக்கத்துலயே இருக்கு சார், எள்ளு தீபம் ஏத்திட்டு வந்துட்டா சரியாயிடும்" என்றார் கடைக்காரர். நளனுக்கே விடுதலை கொடுத்த தலத்தை மறுக்க நாம் யார்? ஆனால் சனி ஒரு ராசியில் இரண்டரை ஆண்டு உட்காருபவர். காலையில் விலகி மாலையில் பிடிக்கும் சனியை எந்தப் பஞ்சாங்கமும் அங்கீகரிக்கவில்லை. அடுத்தது ரப்பர் வாதம்: ராமைக் கழற்றி, அதன் தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினால் தீராத நோயில்லை. தேய்த்தார்கள், பற்கள் பளபளத்தன, நோய் இருந்தது. மூன்றாவதான 'ஃபார்மட் அடிங்க' வாதத்துக்கு மறுப்பு எழுதுவது காகிதத்துக்குக் கேடு.

இனி சுபக்கம். ஹைபர்னேட் என்றால் ராமில் இருப்பதையெல்லாம் டிஸ்கில் எழுதிவைத்து மின்சாரத்தை முழுதாக நிறுத்துவது. எழுதும் நேரத்தில் ராம் மாறிக்கொண்டே இருந்தால் படம் கலைந்துவிடும். எனவே லினக்ஸின் கருவான கெர்னல் முதலில் எல்லா நிரல்களையும் உறைய வைக்கிறது. மௌஸ் நிற்பது கோளாறு அல்ல, சட்டம். இதற்கு 20 விநாடி கெடு உண்டு. அதற்குள் எத்தனை பேர் உறைய மறுத்தார்கள் என்று கெர்னல் கணக்கோடு பதிவில் எழுதிவைக்கும். ஆணைக்குப் பணியாதவர்களை இவ்வளவு நேர்மையாக எண்ணிச் சொல்லும் அமைப்பு நம் நாட்டில் வேறில்லை.

அடுத்ததுதான் விஷயம். ராமில் உள்ள பக்கங்களைக் கெர்னல் நேராக டிஸ்கில் எழுதுவதில்லை. முதலில் ராமிலேயே வேறோர் இடத்தில் நகல் எடுக்கிறது. அந்த நகலைத்தான் பிறகு எழுதுகிறது. ஒன்று இருந்தால் இன்னொன்றுக்கும் இடம் வேண்டும். ஆகவே படம் ராமில் பாதிக்கு மேல் போக முடியாது. லினக்ஸ் வைக்கும் இயல்பான இலக்கு ஐந்தில் இரண்டு பங்கு. நம் 4 ஜிபிக்கு ஏறக்குறைய 1.6. டேப்கள் முக்கால் ராமைத் தின்றிருக்கும்போது, மீதியை டிஸ்கில் உள்ள ஸ்வாப்புக்குத் தள்ளித்தான் இடம் பண்ண வேண்டும்.

காரைக்கால்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. பரமதத்தன் அனுப்பிய மாங்கனிகள் இரண்டு. ஒன்றை, பின்னாளில் காரைக்கால் அம்மையார் ஆன அவன் மனைவி புனிதவதியார் அடியாருக்கு இட்டுவிட்டார், ஒன்றைக் கணவன் தின்றுவிட்டான். "இன்னொன்று கொண்டு வா" என்றபோது கையில் இல்லை, இறையருளால் வந்தது. கெர்னலும் இரண்டாவது கனியை எப்படியோ தேற்றிவிடுகிறது, அருளால் அல்ல, ஸ்வாப்பால். பரமதத்தன் அதோடு விட்டானா? அந்தக் கனி எப்படி வந்தது என்று சோதிக்க மேலும் ஒன்று கேட்டான். நம் இயந்திரத்தில் அந்த மூன்றாவது கனியைக் கேட்பது யார் என்பதே ஆய்வின் முடிச்சு.

அதைப் பிடிக்கக் கெர்னலே ஒரு கருவி தருகிறது. /சிஸ்/பவர் அடைவில் பிஎம்_டெஸ்ட் என்றொரு கோப்பு. அதில் 'ஃப்ரீசர்' என்று எழுதிவிட்டு ஹைபர்னேட் செய்யச் சொன்னால், நிரல்களை உறைய வைத்து, நகலுக்கு இடமும் ஒதுக்கி, 5 விநாடி நின்று திரும்பிவிடும். 'டிவைசஸ்' என்று எழுதினால் ஒரு படி மேலே போய் வன்பொருள்களையும் நிறுத்திப் பார்க்கும். டேப்களை நிரப்பிவிட்டு முதல் சோதனை: திரும்பி வந்தது. இரண்டாவது சோதனை: திரை கறுத்தது, ஃபேன் சுற்றியது.

கெர்னல் அந்தக் கட்டத்தில் திரைச் செய்திகளையும் நிறுத்திவிடும்; 'நோ_கன்சோல்_சஸ்பெண்ட்' என்று பூட் வரியில் சேர்த்தால் கடைசிச் சொல்லைக் கேட்கலாம். கேட்டோம். கிராபிக்ஸ் டிரைவர். அணையப்போகும் கார்டு தன் 1 ஜிபி நினைவகத்தில் உள்ளதை ராமில் ஒப்படைக்கப் பார்க்கிறது. காலியாக இருந்த இடமோ நகலுக்கு ஒதுக்கியாகிவிட்டது. டிஸ்கும் நிற்கப்போவதால், இனி ஸ்வாப்புக்குத் தள்ளி இடம் பண்ணக் கூடாது என்று கெர்னல் சற்றுமுன் தடையும் போட்டுவிட்டது. மூன்றாவது கனி இல்லை. 'இடமில்லை' என்ற பதிலை ஏற்று மரியாதையாகத் திரும்பத் தெரியாத டிரைவர் அங்கேயே நின்றுவிடுகிறது.

ஓர் எச்சரிக்கை. பிஎம்_ட்ரேஸ் என்று இன்னொரு கருவி உண்டு. எந்தச் சாதனத்தில் நின்றது என்பதை வன்பொருள் கடிகாரத்தில் குறித்துவைத்து, மறுபடி பூட் ஆனதும் சொல்லும். விலை, தேதி கெட்டுப்போகும். 2025 மார்ச்சில் திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி என்று ஊரெல்லாம் பேச, வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026-இல்தான் என்று திருநள்ளாறு கோயில் அறிவிக்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே இரண்டு காலக்கணக்கு ஓடும் வட்டாரத்தில் மூன்றாவதைக் கிளப்புவது ஆய்வாளனுக்கு அழகல்ல என்று அதைத் தொடவில்லை.

தீர்ப்பு: ராம் பழுதில்லை, வைரஸ் இல்லை, சனி நிரபராதி. புதிய கெர்னல்களில் சில டிரைவர்கள் இந்தக் காலிசெய்யும் வேலையை முன்கூட்டியே, தடை விழுமுன் முடித்துவிடுகின்றன. ஆகவே முதலில் கெர்னலைப் புதுப்பியுங்கள். அதே /சிஸ்/பவர் அடைவின் இமேஜ்_சைஸ் கோப்பில் பூஜ்யம் எழுதினால் படம் முடிந்தவரை சிறுத்து, கொஞ்சம் இடம் மிஞ்சும்; ஆனால் தூங்கவும் விழிக்கவும் நேரமாகும். கரண்ட் போனவுடன், பேட்டரியைச் சோதிக்காமல், விண்ணப்பத்தை சேவ் செய்து டேப்களை மூடுங்கள். இதெல்லாம் தொல்லை என்பவர்கள் இன்னொரு 4 ஜிபி ராம் வாங்கிப் போடலாம். வாங்கப் போகுமுன் பழையது டிடிஆர் 3-ஆ 4-ஆ என்று பார்த்துக்கொள்ளவும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது.