என் அப்பாவுக்குக் கொரோனா இல்லை

அனுப்புநர்:
சு. நெல்லையப்பன்,
தாலுகா ஆபீஸ் தலைமை எழுத்தர் (ஓய்வு),
பாவூர்சத்திரம்.

பெறுநர்:
உயர்திரு மேலதிகாரி அவர்கள்,
பயண ஆவணச் சரிபார்ப்புப் பிரிவு,
உல்லாசக் கப்பல் கம்பெனி. (கம்பெனியின் பேரை எழுதவில்லை. பேரால் பட்டது போதும்.)

பொருள்: 25.06.2022 அன்று பார்சிலோனாவில் கப்பல் ஏறும் முன் செய்த பரிசோதனையில் என் தகப்பனாருக்குக் கொரோனா இல்லை எனத் தெரியவந்தது – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: ‘அன்புள்ள திரு. சுடலைமுத்து’ என்று விளித்துத் தாங்கள் அனுப்பிய மின்னஞ்சல்.

ஐயா,

என் தகப்பனார் சுடலைமுத்து வெங்காய வியாபாரி. கடல் என்றால் அவருக்குத் திருச்செந்தூர்தான், அதிலும் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. 1989-ல் காலமானார். அவருக்குக் கொரோனா இல்லை என்பதை 33 வருடம் கழித்து, ஸ்பெயின் தேசத்து மருந்துக்கடையின் முத்திரையோடு எழுத்துப்பூர்வமாக வாங்க வைத்த தங்கள் நிர்வாகத்துக்கு எங்கள் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது. கேட்ட சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம்.

தங்கள் கருணையின் முழு அளவும் கோப்பில் பதிவாக வேண்டும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் மகள் நெதர்லாந்தில் ஐந்தோவனில் வேலை பார்க்கிறாள். நாற்பதாவது கல்யாண நாளுக்கு அம்மாவையும் அப்பாவையும் கப்பலில் அனுப்ப வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பார்சிலோனாவில் ஏறி மத்தியதரைக் கடலில் ஏழு ராத்திரி. தடுப்பூசி இரண்டும் போட்டாயிற்று, மூன்றாவதும் போட்டாயிற்று. ஆனால் கப்பல் கிளம்புவதற்கு இரண்டு நாளுக்குள் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த சான்று வேண்டும் என்றீர்கள். மகள் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கி வைத்திருந்த கிட் செல்லாது. என் மூக்கில் நானே விட்டால் குச்சி பொய் சொல்லும், மருந்துக்கடைக்காரி விட்டால் அது அரிச்சந்திரன்.

ஜூன் 23, வியாழக்கிழமை. பார்சிலோனாவில் அன்று ராத்திரி சான் ஜுவான் திருவிழா, நம்ம ஊர்த் தீபாவளி போல விடிய விடிய வெடி. மறுநாள் ஊரே விடுமுறை. ஆகவே அன்றைக்கே சோதனையை முடித்தாக வேண்டும். பச்சைச் சிலுவை விளக்கு எரிகிற கடையாகப் பார்த்துப் பார்த்து ஏறினோம். ஒன்றில் குச்சி இல்லை. ஒன்றில் மத்தியான அடைப்பு, ஐந்து மணிக்கு மேல் வா என்றார்கள். நான்காவது கடையில் ஒரு பெண்பிள்ளை, தங்கமான குணம், தலைக்கு 30 யூரோ வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தாள். பேர் கேட்டாள். நெல்லையப்பன். முதல் குடும்பப் பேர்? சுடலைமுத்து. இரண்டாவது குடும்பப் பேர்?

ஸ்பெயினில் ஆளுக்கு இரண்டு குடும்பப் பேர், அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. எனக்கு அது பிடித்திருந்தது. படிவத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு எனக்குப் பழக்கமும் இல்லை. முப்பத்தொரு வருட சர்வீஸ். ‘பேச்சியம்மாள்’ என்று அம்மா பேரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அவளும் பொறுமையாக அடித்தாள்.

வந்த சான்றில் இப்படி இருந்தது: ‘சுடலைமுத்து பேச்சியம்மாள், நெ.’

ஐயா, ஊரில் என் அப்பா எனக்கு இனிஷியல். பார்சிலோனாவில் நான் அவருக்கு இனிஷியல் ஆகிவிட்டேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி அப்பா பேரும் அம்மா பேரும் முழுசாக இருக்க, ஓரத்தில் ஒற்றை எழுத்தாக நான். அதற்குக் கீழே ‘நெகட்டிவ்’. இருவருக்கும்.

என் மனைவி கோமதியின் சீட்டும் வந்தது. அவள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பேர் என்ற இடத்தில் என் பேர். கடைக்காரப் பெண்ணுக்கு அதற்குள் அலுத்துப்போய் இரண்டாவது கட்டத்தைக் கேட்காமல் விட்டுவிட்டாள். ஆக, அவள் சீட்டில் ‘நெல்லையப்பன், கோமதி’. என் சீட்டில் அப்பா நெகட்டிவ், அவள் சீட்டில் நான் நெகட்டிவ். ராத்திரி ஓட்டல் ஜன்னல் வழியாக வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு அடி வயிறு கலங்கியது. முப்பத்தொரு வருடம் இந்த மாதிரி சீட்டுகளைத்தான் நான் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அந்தக் கடைக்கு ஓடினேன். ஷட்டர் இறங்கியிருந்தது. லீவிலும் திறந்திருக்கும் கடையின் முகவரி அதில் ஒட்டியிருந்தது. தேடிப்பிடித்துப் போனால், அங்கே ஒரு சின்ன ஜன்னல் வழியாக மருந்து மட்டும்தான் தருவார்களாம், குச்சி விட மாட்டார்களாம்.

சனிக்கிழமை துறைமுகப் பேருந்து பிடிக்க கொலம்பஸ் சிலைக்கு அடியில் நின்றோம். அறுபது மீட்டர் உயரத் தூண், 1888-ல் வைத்தது. மனிதர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், அமெரிக்கா இருக்கும் திசையில் அல்ல. இந்தியாவுக்கு என்று கிளம்பி வேறெங்கோ போய் இறங்கியவர். அவர் மூக்கில் யாரும் குச்சி விடவில்லை. அவருக்குப் பின்னால் போன கப்பல்கள் அந்தக் கரையில் அம்மையைக் கொண்டு இறக்கிய கதை தாங்கள் அறியாததல்ல. அவர் தேடிய இந்தியாவிலிருந்து நானே டிக்கெட் எடுத்து வந்து அவர் காலடியில் நிற்கிறேன். என் அப்பாவுக்கு ஜலதோஷம்கூட இல்லை என்று கையில் சான்று வேறு.

கப்பல் துறையில் தங்கள் இளைஞர் ஒருவர் முதலில் தடுப்பூசிச் சான்றைப் பார்த்தார். அதில் எங்கள் பிரதமரின் படம் இருந்தது. படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இது நீங்களா?” என்றார். இல்லை என்று விளக்கினேன். அடுத்து பரிசோதனைச் சீட்டு. “பேச்சியம்மாள் யார்?”

“என் அம்மா.”

“அவர் பயணம் செய்கிறாரா?”

“இல்லை. இறந்துவிட்டார்.”

“சுடலைமுத்து?”

“அவரும்.”

அந்தப் பிள்ளை ரொம்ப மரியாதையாக “வருந்துகிறேன்” என்றார். சீட்டு செல்லாது என்பதற்கா, அம்மா இறந்ததற்கா என்று தெரியவில்லை. தடுப்பூசிச் சான்றில் படம் பிரதமருடையது, பரிசோதனைச் சான்றில் பேர் அப்பாவுடையது, என்னுடையது என்று எஞ்சியது மூக்கு ஒன்றுதான். அதைப் பார்க்கத்தான் யாரும் இல்லை.

கோமதி போகலாம், நான் போகக் கூடாது. அவள் சீட்டில் என் பேர் இருந்ததால் அவள் போகலாம் என்பதைத் தாங்கள் தயவுசெய்து இன்னொரு முறை படித்துப் பார்க்க வேண்டும்.

“அப்போ மாமாவுக்கு ஒண்ணும் இல்லைன்னுதானே எழுதியிருக்கு? அவுகளையே ஏத்தச் சொல்லுங்க, நாம ஊருக்குப் போவோம்” என்றாள் கோமதி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லிவிட்டுப் பெட்டி மேல் உட்கார்ந்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வெளியே கூடாரத்தில் தங்கள் ஏற்பாட்டிலேயே மறுபடி குச்சி விடும் வசதி இருந்தது. ஆளுக்கு 75 யூரோ. முன்னால் ஐம்பது பேர், ஜூன் மாத வெயில், உட்கார ஒரு நாற்காலி கிடையாது. அறுபத்தைந்து வயதுப் பொம்பளை சிமெண்டுத் தரையில் பெட்டி மேல் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஏறியாகிவிட்டால் தண்ணீர் கிடைக்கும் என்று கொண்டுவந்த பாட்டிலை எனக்கே கொடுத்துக்கொண்டிருந்தாள். ‘கப்பல் போய்விட்டால் பணம் திரும்பாது’ என்று தங்கள் விதியில் தெளிவாக இருந்தது. அது மகள் இரண்டு வருடம் சேர்த்த பணம். அந்தக் கூடாரத்தில் நோயைத் தேடி யாரும் உட்கார்ந்திருக்கவில்லை ஐயா. பயத்துக்கு விலை போட்டு விற்றுக்கொண்டிருந்தீர்கள். வாசலில் ஆளை நிறுத்திவைத்து, கப்பல் கிளம்பும் நேரத்தைக் காட்டி வாங்கும் காசுக்கு எங்கள் ஊரில் வேறு பேர்.

மன்னிக்கவும். பேனா வழுக்கிவிட்டது. தாங்கள் செய்வது எல்லாம் பயணிகளின் ஆரோக்கியத்துக்காகத்தான் என்பதை அடியேன் அறிவேன்.

அறியாமல் இல்லை. 2020 பிப்ரவரியில் யோக்கஹாமாவில் நிறுத்திவைக்கப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர், அதில் 712 பேருக்கு நோய் என்று பேப்பரில் படித்தபோது நானும் பதறியவன்தான். வெனிஸ்காரன் நோய்க் காலத்தில் வந்த கப்பலை நாற்பது நாள் கரைக்கு வெளியே நிறுத்திவைத்தான். 1377-லேயே ரகூசாவில், இன்றைய துப்ரோவ்னிக்கில், முப்பது நாள் காக்க வைத்தார்கள். அவர்கள் பேர் பொருத்தம் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தார்கள். காய்ச்சல் வருகிறதா என்று காத்திருந்தார்கள். தாங்கள் கேட்டது வியாழக்கிழமை மூக்கை. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை திருவிழாக் கூட்டம், மெட்ரோ ரயில், சனிக்கிழமை பேருந்து எல்லாம் பார்த்துவிட்டுத்தான் அந்த மூக்கு தங்களிடம் வந்தது. தொற்றிய முதல் ஒன்றிரண்டு நாள் இந்தக் குச்சி பல நேரம் ஒன்றும் காட்டாது என்று தங்கள் டாக்டருக்கும் தெரிந்திருக்கும்.

கூடாரத்துச் சீட்டைக் காட்டி ஒருவழியாக ஏறிய கப்பலில், மூன்றாம் நாள் பக்கத்து அறைக்காரர் ராத்திரி முழுக்க இருமினார். காலையில் அவரும் நானும் ஒரே கரண்டியால் முட்டைப் பொரியல் எடுத்துப் போட்டுக்கொண்டோம். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் சீட்டில் பேர் சரியாக இருந்திருக்கும். நல்ல வேளை, என் அப்பா அந்த வரிசையில் இல்லை. அவருக்குத்தான் நோய் இல்லையே, ஒட்டிக்கொண்டால் என்ன ஆவது?

விமானத்தில் வருகிறவர்களிடம் அமெரிக்கா ஜூன் 12-ஆம் தேதியே பரிசோதனைச் சீட்டு கேட்பதை விட்டுவிட்டது. அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் உல்லாசக் கப்பல்களுக்கென்று வைத்திருந்த கொரோனாத் திட்டத்தையே இந்த ஜூலை 18-ஆம் தேதி மூடிவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது எங்கள் பக்கத்துப் பழமொழி. தங்கள் கூடாரம் இன்னும் நன்றாக நடந்துகொண்டிருக்கும் என்று நம்புகிறேன்.

ஒரு விஷயத்தில் நான் தங்கள் கட்சி. ‘இனிஷியல் வித்தியாசம், சரிசெய்து வரவும்’ என்று எத்தனையோ மனுவைத் திருப்பி அனுப்பிய கை இது. பென்ஷனுக்கு வந்த கிழவிகளைக்கூட விட்டதில்லை. அந்தப் பாவம்தான் பார்சிலோனாவில் வந்து நின்றதோ என்னவோ. ஆனாலும் திருப்பி அனுப்பும்போது எங்கே போக வேண்டும், யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்புவேன். கிராம நிர்வாக அலுவலரிடம் போனால் ‘மேற்படி இருவரும் ஒருவரே’ என்று ஒரு சான்று கொடுப்பார், சோலி முடிந்தது. தங்கள் கப்பலில் எட்டு மாடி, மூன்று நீச்சல் குளம், ஒரு நாடகக் கொட்டகை எல்லாம் இருக்கிறது. ஒரு கிராம நிர்வாக அலுவலர் இல்லை.

இப்போது பார்வையில் கண்ட மின்னஞ்சலுக்கு வருகிறேன். ‘அன்புள்ள திரு. சுடலைமுத்து, எங்களுடன் பயணித்ததற்கு நன்றி, அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி, இச்சலுகையைப் பிறருக்கு மாற்ற இயலாது.’ பழைய கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். மீதிப் பணம் கட்டச் சொன்னது திரு. சுடலைமுத்துவிடம். மது பானப் பொட்டலம் வாங்கிக்கொள்ளச் சொன்னது திரு. சுடலைமுத்துவிடம். (பெரியவர் கள்ளுக்கடை மறியலுக்குப் போனவர்.) பணம் கேட்டபோதெல்லாம் அவரும் நானும் ஒருவரே என்று தங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஏறும்போது மட்டும் நாங்கள் இருவராகிவிட்டோம்.

எனவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, நாங்கள் இருவரும் ஒருவர் என்றால் கூடாரத்தில் வாங்கிய 75 யூரோவைத் திருப்பித் தரும்படியும், இருவர் என்றால் மாற்ற இயலாத அந்தத் தள்ளுபடியில் என் தகப்பனாரையே அடுத்த கப்பலில் ஏற்றிக்கொள்ளும்படியும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். அவருக்குப் புதிதாகப் பரிசோதனை எதுவும் தேவைப்படாது.

அவர் மூக்கை ஒருவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். 1989 ஆடி மாதம், கூடத்தில் வடக்கே தலை வைத்துக் கிடத்தியிருந்தபோது, என் சித்தப்பா பஞ்சை உருட்டி இரண்டு பக்கமும் வைத்தார். பேரும் கேட்கவில்லை, சீட்டும் கேட்கவில்லை. ஆள் யார் என்று அவருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சு. நெல்லையப்பன்
(தங்கள் பதிவேட்டின்படி: சுடலைமுத்து பேச்சியம்மாள், நெ.)
20.07.2022