மணியடித்தால் வராதவர்கள்

என் அக்கா மகள் டிசைன் படிக்கிறாள். எங்கே என்று கேட்காதீர்கள். ஊர் பேரைச் சொன்னால் அடுத்து கட்டணம் எவ்வளவு என்று கேட்பீர்கள். அதைச் சொன்னால் அக்கா வீட்டுக்காரர் மறுபடி ஒரு பாட்டம் அழுவார். சேலத்திலேயே 1960இல் ஆரம்பித்த மத்திய அரசின் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. டவுன் பஸ்ஸில் போய்ப் படித்திருக்கலாம். ஆனால் டவுன் பஸ் போகிற தூரத்தில் இருக்கும் படிப்புக்கு நம் வீடுகளில் என்றைக்கு மரியாதை இருந்தது?

அந்தப் பெண் போன மாதம் லேப்டாப்பும் கையுமாக வந்து இறங்கினாள். தொழில்நுட்பம் வந்தால் படைப்பாளியின் கை எப்படி மாறுகிறது என்று சொந்த ஊரில் பார்த்து எழுதி வரவேண்டுமாம்.

"மாமா, நம்ம ஊர்ல டெக்னாலஜியும் ஆர்ட்டும் எங்கீங்க மீட் ஆச்சு?"

"பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் கண்ணு. இப்ப அதை ஒன்வே ஆக்கிட்டாங்க."

முறைத்தாள். சரி, பாவம், மார்க் விஷயம் என்று நான் சொன்ன கதைதான் கீழே இருப்பது. அவள் முன்னால் அடக்கி வாசித்த இடங்களில் இங்கே கொஞ்சம் வாய் நீளும்.

கதை ஆல்பிரட் சாட்டர்டன் என்ற துரையிடமிருந்து ஆரம்பிக்கிறது. 1888இல் சென்னைக்குப் பொறியியல் பேராசிரியராக வந்தவர். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். 1850இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் ஆரம்பித்த எழும்பூர் ஓவியப் பள்ளியைக் கொஞ்ச காலம் இவர் பொறுப்பில் விட்டார்கள். வேறு ஆளாக இருந்தால் பையன்களை உட்கார வைத்துப் பூவும் கிளியும் வரையச் சொல்லியிருப்பார். இவர் 1898இல் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பித்தார். ஓவியப் பள்ளியில் சட்டிபானை! விளையாட்டில்லை, வியாபாரம் சூடு பிடித்து 1903இல் ஒரு கம்பெனிக்கே கைமாறியது. நம் வீட்டு அலுமினிய இட்லிக் குண்டானுக்கு இப்படி ஒரு கலைப் பரம்பரை உண்டு என்பது இட்லிக்குத் தெரியாது.

சட்டி வெற்றி பெற்றதும் துரையின் பார்வை நெசவாளி மேல் விழுந்தது. 1906இல் சேலத்தில் அரசாங்கச் செலவில் ஒரு நெசவுத் தொழிற்சாலை. திட்டம் காகிதத்தில் கண்ணைப் பறித்தது. நெசவாளி வீட்டுக் குழியில் உட்கார்ந்து ஒரு கையால் நாடாவை எறிந்து மறு கையால் பிடிக்கிறான். அதற்குப் பதில், கயிற்றைச் சுண்டினால் தானே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறக்கும் நாடா கொடுப்போம். எல்லோரையும் ஒரே கூரைக்குக் கீழே கூட்டி, மணியடித்து நேரத்துக்கு வரச்சொல்லி, கூலி கொடுப்போம். துணி குவியும், நெசவாளி பிழைப்பான்.

அந்தப் பறக்கும் நாடா ஒன்றும் புதுசு இல்லை. ஜான் கே என்ற இங்கிலாந்துக்காரர் 1733இல் கண்டுபிடித்தது. பிழைப்பு போகிறதே என்று அந்த ஊர்க்காரர்களே அவர் வீட்டில் புகுந்து அடித்து நொறுக்கியதாக ஒரு கதை உண்டு. மனிதர் பிரான்சுக்கே போய்விட்டார். பிறந்த ஊரில் உதை வாங்கிய சரக்கு 173 வருஷம் கழித்து நமக்கு உபகாரமாக வந்து சேர்ந்தது.

சேலத்து நெசவாளி யாரையும் உதைக்கவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் வந்தால் மறுநாள் காணோம். ஏன் என்று துரை மண்டையை உடைத்துக்கொண்டார். இந்தப் பக்கத்துத் தறிக்காரர் வீட்டில் ஒரு வேளை உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தறி என்பது ஒருவர் வேலை இல்லை. பெண்டாட்டி தார் சுற்றுவாள். பாட்டி இழையைச் சிக்கெடுப்பாள். விடியற்காலை தெரு நீளத்துக்குப் பாவு விரித்துக் கஞ்சி போட அக்கம்பக்கமே வந்து நிற்கும். இதில் ஆம்பிளையை மட்டும் உருவி எடுத்து ஒரு கொட்டகையில் உட்கார வைத்தால், ஒரு கூலி உள்ளே வரும், நாலு கை வீட்டில் சும்மா இருக்கும். அமாவாசைக்குத் தறி ஓடாது. கல்யாணம், கருமாதி, மாரியம்மன் பண்டிகை என்றால் ஒரு வாரம் ஓடாது. அதற்கெல்லாம் எவனிடமோ போய் லீவு கேட்க வேண்டுமா? நூல் கொடுத்துத் துணி வாங்கும் முதலாளிகளுக்கோ வேறு கவலை. நெசவாளி துரையிடம் போய்விட்டால் தாங்கள் கொடுத்த முன்பணம் என்ன ஆவது?

1910இல் லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லி பிரபு, தொழில் நடத்துவது சர்க்காரின் வேலை அல்ல என்று சென்னைக்கு ஒரு கடிதம் போட்டார். கொட்டகை மூடப்பட்டது. மார்லிக்குப் பொருளாதாரக் கொள்கை, சேலத்துக்காரருக்கு அமாவாசை. இரண்டும் ஒரே முடிவுக்கு வந்ததுதான் வேடிக்கை. அதைவிட வேடிக்கை, அந்தப் பறக்கும் நாடாவைப் பின்னால் இதே நெசவாளிகள் வீட்டுத் தறியில் தாங்களாகவே மாட்டிக்கொண்டார்கள். நாடாவோடு அவர்களுக்குச் சண்டையே இல்லை. மணியோடுதான்.

"இதுல டிசைன் எங்க மாமா வருது?"

"வரும், இரு. இனிமேதான் உன்னாட்டம் ஒரு ஸ்டூடன்ட் வர்றார்."

கொட்டகை மூடியபோது திருச்செங்கோட்டில் ஒரு பையனுக்கு மூன்று வயது. நூல் வியாபாரக் குடும்பம். பேர் சுந்தரம். வளர்ந்ததும் ஜவுளித் தொழில்நுட்பம் படித்து வரட்டும் என்று இங்கிலாந்தில் லீட்ஸுக்கு அனுப்பினார்கள். கம்பளி ஆலைகளின் ஊர். படித்தார். பட்டத்தோடும், கிளாடிஸ் என்ற ஆங்கிலேய மனைவியோடும் திரும்பி வந்தார். அன்றைய திருச்செங்கோட்டில் இந்த இரண்டில் எதை முதலில் விசாரித்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு செலவு செய்து படிக்க வைத்த பிள்ளை மில் கட்டுவான் என்று குடும்பம் காத்திருக்க, பிள்ளை சினிமாவுக்குப் போனது. சேலத்து வேலாயுதம் பிள்ளையோடு சேர்ந்து ஏஞ்சல் பிலிம்ஸ். 1934இல் அவர்கள் எடுத்த படம் 'திரௌபதி வஸ்திராபகரணம்'. ஜவுளி படித்தவருக்கு இதைவிடப் பொருத்தமான கதை மகாபாரதத்திலேயே கிடையாது. இழுக்க இழுக்கப் புடவை வருகிறது, பாவு தீரவில்லை, தார் மாற்றவில்லை, கூலியும் இல்லை! கண்ணன் செய்த காரியத்தைச் சபையில் எல்லோரும் அற்புதம் என்று பார்த்திருப்பார்கள். திருச்செங்கோட்டுக்காரர் உற்பத்தித் திறன் என்று பார்த்திருப்பார் என்பது என் ஊகம்.

அந்தக் காலத்தில் தமிழ்ப் படம் எடுக்க மூட்டை முடிச்சோடு கல்கத்தாவுக்கு ரயிலேற வேண்டும். நடிகர், பின்பாட்டு, சமையல்காரர், ஊறுகாய் ஜாடி எல்லாம் போய்வரும் செலவை ஒரு வியாபாரி எத்தனை தடவை பொறுப்பார்? 1935இல் ஏற்காடு போகும் வழியில், மலையடிவாரத்தில், மாடர்ன் தியேட்டர்ஸ் எழுந்தது. அரங்கம், ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, கழுவும் லேப் எல்லாம் ஒரே வளாகம். பஞ்சு ஒரு வாசலில் நுழைந்தால் துணி மறு வாசலில் வெளியே வரும் மில் மாதிரியேதான். 1937இல் முதல் படம் 'சதி அகல்யா'. மறு வருஷமே 'பாலன்', மலையாளத்தின் முதல் பேசும் படம். கேரளம் திரையில் முதன்முதலாக வாய் திறந்து பேசியது சேலத்தில். ஒளிப்பதிவு போடோ குட்ஷ்வாகர் என்ற ஜெர்மானியர். சேலத்தில், தமிழர் பணத்தில், ஜெர்மானியர் படம் பிடிக்க, மலையாளி அழுதார்.

எழுத்தாளர், நடிகர், பாட்டு எழுதுகிறவர் எல்லோருக்கும் மாதச் சம்பளம். நேரத்துக்கு வரவேண்டும், நேரத்துக்கு ஷாட் வைக்க வேண்டும். சாட்டர்டன் கண்ட அதே கனவு! துரைக்குச் சேலத்தில் ஒரு நெசவாளி வரவில்லை. சுந்தரம் முதலியாருக்குத் தமிழ்நாட்டுக் கலைஞர்களே பெட்டி படுக்கையோடு வந்தார்கள். பாரதிதாசன் 'வளையாபதி'க்கு வந்தார். கருணாநிதி 'மந்திரி குமாரி'க்கு வந்தார். அந்தப் படத்தை இயக்கியவர்களில் ஒருவரான எல்லிஸ் டங்கன் அமெரிக்காவிலிருந்தே வந்தவர்.

காரணம் ரொம்பச் சாதாரணம். நெசவாளிக்குத் தறி வீட்டிலேயே இருந்தது. கவிஞர் வீட்டில் கேமரா இல்லை. தறி சொந்தமாக இருக்கிறவன் மணிச் சத்தத்துக்குக் காது கேளாதவனாக இருக்கலாம். கருவி அடுத்தவனிடம் இருந்தால் முதல் மணிக்கே பல் விளக்கிவிட வேண்டியதுதான். போதாததற்கு, நடிகர்களில் பலர் பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் பிரம்படி பட்டு வளர்ந்தவர்கள். மணி அவர்களுக்குத் தாலாட்டு.

வராதவருக்கும் ஒரு வைத்தியம் இருந்ததாம். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுக்கும்போது எம்.ஜி.ஆர். குறித்த நாளுக்கு வரவில்லை. முதலாளி காத்திருக்காமல் வேறு ஆளை நிறுத்தி, முகம் தெரியாமல் எடுத்து முடித்துவிட்டார் என்று கோடம்பாக்கத்தில் இன்றும் ஒரு கதை உலவுகிறது. இழை அறுந்தால் தறியை நிறுத்தாதே, முடிச்சுப் போட்டு ஓட்டு. 1956இல் வந்த அந்தப் படம்தான் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம், கேவாகலரில். வண்ணம் எங்களுக்குப் புதிதில்லை. திருமணிமுத்தாற்றைப் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தாலே ஊரில் அன்றைக்கு என்ன சாயம் போட்டார்கள் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் அக்கா மகள் நோட்டை எடுத்தது வேறு இடத்தில். 1940இல் 'உத்தம புத்திரன்'. பி.யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம், தமிழ் சினிமாவில் முதல் தடவை. இயக்கம் சுந்தரமே. அன்றைக்கு அதை எப்படி எடுப்பார்கள் தெரியுமா? லென்ஸின் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைப்பார்கள். நடிகர் இடப்பக்கம் நின்று நல்லவராகப் பேசுவார், எதிரே யாருமே இல்லாத வெறும் காற்றைப் பார்த்து. பிறகு அதே பிலிமைப் பின்னால் சுற்றி, ஆரம்பித்த கட்டத்திலேயே கொண்டுவந்து நிறுத்தி, இப்போது மறு பாதிக்கு அட்டை. நடிகர் உடை மாற்றிக்கொண்டு வலப்பக்கம் நின்று, சற்று முன் தானே பேசியதற்குக் கெட்டவராகப் பதில் சொல்வார். நடுவில் கேமரா ஒரு நூல் அசைந்தால் போச்சு, இரண்டு பேருக்கும் குறுக்கே கோடு விழும். ஒரே பாவில் இரண்டு ஊடை. நெய்யத் தெரிந்தவருக்குத்தான் தோன்றும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். தோன்றினால் பயப்பட மாட்டார்.

"அப்ப ரெண்டு சின்னப்பாவும் ஒருத்தரை ஒருத்தர் தொடவே முடியாதுங்களா?"

"கோட்டைத் தாண்டிக் கை நீட்டினா கை காணாமப் போயிரும்."

"அதனாலதான் தள்ளித் தள்ளி நிக்கறாங்க! பகைன்னு நினைச்சுக்குவோம்." எழுதிக்கொண்டாள். பணம் கொடுத்த படிப்பு வீண் இல்லை என்று அக்காவுக்கு அன்று இரவே ஃபோன் செய்தேன்.

சுந்தரம் 1963இல் போய்ச் சேர்ந்தார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு மலையாளத்தின் முதல் வண்ணப்படம் 'கண்டம் பெச்ச கோட்டு'ம் அவர் கையால் ஆகிவிட்டது. ஒட்டுப் போட்ட கோட்டு என்று அர்த்தம், கடைசிவரை துணிதான். ஜெய்சங்கர் துப்பாக்கியோடு ஓடிய காலம் வரை ஸ்டூடியோவும் ஓடியது. இப்போது ஏற்காடு ரோட்டில் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. அவள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தாள். மணி அடிக்க யாரும் இல்லை.

மறுநாள் இளம்பிள்ளைக்குப் போனோம், தெரிந்த தறிக்காரர் ஒருவரைப் பார்க்க. ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார். நாங்கள் ஒன்பதுக்குப் போனோம், அவர் பதினொன்றுக்கு வந்தார். அவள் லேப்டாப்பைத் திறந்து, தான் வரைந்த பார்டரைக் காட்டினாள். நிமிர்ந்து நிற்கும் மயில், நீளக் கழுத்து, அழகாகத்தான் இருந்தது. அவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பார்த்தார். திரையைத் தொடவில்லை, மேலே ஜக்கார்டு பெட்டியைக் காட்டினார்.

"இதுல 240 கொக்கிதான் கண்ணு இருக்குது. பார்டருக்கு இதுல பாதிகூட வராது. உன்ற மயிலு கழுத்தைக் கொஞ்சம் மடக்கிக்கிட்டா நிக்கும்."

அவள் அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து மயிலின் கழுத்தை மடக்கினாள். ஒரு தடவை போதவில்லை, மூன்று தடவை. மூன்றாவது மயில் திரும்பித் தன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றது. முதலாவதைவிட இது நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது, அவளிடம் சொல்லவில்லை. அவர் தலையை ஆட்டினார்.

"அப்ப நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு வரட்டுங்களா?" என்றாள்.

"நாளைக்கு அமாவாசை கண்ணு."